மூன்று தட்டு

ஓடுகிறோம். சரளைக் கல் காலைக் குத்துகிறது. செருப்பு இல்லை. பின்னால் விசில். உடனே இன்னொன்று.

"வேன் வந்துகினு கீது! வூட்டுக்கு ஓடு!" பாபு கத்துகிறான்.

வூடு என்று அவன் சொன்னது தாம்பரம் யார்டின் கடைசித் தண்டவாளத்தில் நின்ற பழைய மீட்டர்கேஜ் பெட்டியை. அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். பெட்டியை யாரும் கொண்டுபோகவில்லை. போக்கிடமில்லாத ஐந்து பேர் எடுத்துக்கொண்டோம். பாபுவுக்குப் பதின்மூன்று வயது. இரட்டைப் பையன்கள் இருவர். நான் மேரி, பத்து வயது. பிறகு குட்டி. ஆறு வயது இருக்கும். பிளாட்பாரத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தவளை நான்தான் தூக்கிவந்தேன். பெயர் கேட்டால் சிரிப்பாள். குட்டி என்றே கூப்பிட்டோம்.

இரண்டாயிரத்து ஐந்து. சித்திரை வெயில். ஒலிபெருக்கியில் பீச் ஸ்டேஷன் போகும் பதினொன்று நாற்பது வண்டியைச் சொல்கிறார்கள். உள்ளே பாய்கிறோம். கதவை இழுக்கிறேன். கம்பியைச் சுற்றுகிறேன். ஆறு சுற்று, ஒரு முறுக்கு. கதவு கட்டுவது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

தலையை எண்ணினேன். என்னையும் சேர்த்து நான்கு. குட்டி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஸ்டேஷன் பிள்ளைகளைப் பிடித்துப்போகும் வேன்காரர்கள் பிடிபட்ட பிள்ளையையே கூட்டிவந்து மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பார்கள். பாலத்தடிக் கூட்டம் அப்படித்தான் மொத்தமாகச் சிக்கியது. அதனால் நம் ஆள் என்றால் மூன்று தட்டு. வாயைத் திறக்கக் கூடாது. குரல் கேட்டால் கதவு திறக்காது. யாராக இருந்தாலும்.

இரும்பு கொதிக்கிறது. ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. மூச்சு முட்டுகிறது. கல்லில் பூட்ஸ் சத்தம். நெருங்குகிறது. நிற்கிறது. அவர்கள் எந்த ஆபீஸ் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று பிற்பாடு ஒரு அம்மா சொன்னார். காப்பாற்ற வருகிறவன் கையில் தடி எதற்கு? இரட்டையரில் ஒருவன் நின்றபடியே மூத்திரம் விட்டான். பூட்ஸ் அடுத்த பெட்டிப் பக்கம் போயிற்று.

தட். தட். தட்.

மூன்று. சரியான தட்டு. என் கை கம்பியில் இருக்கிறது.

"தொறக்காதே! புடிச்சிகினு வந்து தட்ட சொல்றானுங்கோ!" பாபு என் காதில் சீறினான். நான் நம்பினேன். பாபு மேல் பழி போடமாட்டேன். கை என்னுடையது.

மறுபடி மூன்று. மெதுவாக. அதற்குப் பிறகுதான் குரல்.

"மேரிக்கா, நான்தாங்க்கா. தண்ணி கொண்டாந்துகிறேன்."

கதவில் துரு அரித்த ஓட்டை. கண்ணை வைத்தேன். எண்ணெய் கேனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கம்பியைப் பிரிக்கிறேன். ஒரு சுற்று. இரண்டு. விரல் கிழிகிறது. மூன்று. பல்லால் இழுக்கிறேன். குரல் கேட்டுப் பூட்ஸ் திரும்பி ஓடிவருகிறது.

"புடி! அந்தப் பொண்ண புடி!"

கேன் விழுந்தது. கதவை இரண்டு முறை உதைத்தார்கள். மிச்சம் மூன்று சுற்றுதான், என் கட்டு அசையவில்லை. பிறகு வேன் கதவு சாத்தும் சத்தம்.

நான்கு மணி வண்டியைச் சொல்லும்வரை உள்ளேயே கிடந்தோம். வெளியே வந்தபோது கேனில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. நால்வரும் குடித்தோம். எழுத வெட்கமாக இருக்கிறது. குடித்தோம்.

வருஷக்கணக்காகத் தேடினேன். செம்பாக்கம் முதல் மறைமலை நகர் வரை, ஒவ்வொரு குழந்தைகள் ஹோமாக. எல்லா மேஜையிலும் ஒரே கேள்வி. பெயர்? அப்பா பெயர்? குட்டி என்றேன். பேனாவை மூடிவிட்டார்கள்.

அன்று போனவை. ஒரு வூடு, அதன்பிறகு அங்கே நாங்கள் படுக்கவில்லை. ஸ்டவ் ஒன்று. போர்வை இரண்டு. இரட்டையர் அந்த வாரமே ஏதோ ரயிலேறிப் போனார்கள். பாபு எங்கே என்று தெரியாது. பெண் குழந்தை ஒன்று, முழுப் பெயர் இல்லை.

கதவுக்கு உள்ளே நான்கு பேர். வெளியே ஒருத்தி. தட்டியது ஆறு தடவை.