அட்ஜஸ்ட்

போடியில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் இருந்தேன். தோட்டத்துக் கங்காணி தாமதமாக வந்தபோது உட்கார இடமில்லை.

“ஆத்தா, அட்ஜஸ்ட் பண்ணி பின்படியில நின்னுக்க” என்றார் டிரைவர், ஓரத்தில் இருந்தவளிடம்.

“அதுக்குப் பேரு எந்திரிக்கிறது. சாப்பாட்டு நேரத்துல சோலி வாங்கிட்டு அதுவும் அட்ஜஸ்ட்டுங்கிறாரு கங்காணி. அதுக்குப் பேரு பட்டினி.”

“அனுசரிச்சுப் போறதுன்னு அர்த்தம், ஆத்தா” என்றார் கங்காணி.

“அனுசரிக்கிறதுன்னா ரெண்டு பேரும் நகரணும்ணே. எந்திரிக்கச் சொன்னா நாங்க எல்லாருமே எறங்கிருவோம். பழத்த நீங்களே எடுத்துக்கங்க.”

மற்ற பெண்கள் தூக்குவாளிகளைக் கையில் எடுத்தார்கள்.

ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்ற விதி எனக்கு மனப்பாடம். அந்த விதி மலையேறிப் பார்த்ததில்லை. கடைசியில் கங்காணியே பின்படியில் தொங்கினார். முதல் வளைவிலேயே, “இந்தப் பையையாவது மடியில வச்சுக்க ஆத்தா” என்றார்.

“கொண்டாங்க. இதுக்குப் பேருதான் அட்ஜஸ்ட்டு.”