டோங்குரிக்கு வெந்நீர்க் குளியல்

– நானே கொதிக்க வெச்சேன், இபுக்கிம்மா. என் கையால. அதுல புழு வந்துச்சுன்னா இந்த மழலைப் பள்ளியை இழுத்து மூடிட்டு நான் சக்கரவள்ளிக்கிழங்கு சுட்டு விக்கப் போயிடுறேன்.

– அப்ப நாளையிலேருந்து அடுப்பை மூட்டுங்க, டோகாஷி டீச்சர். இந்தாங்க பை. நல்லா பாருங்க. டோங்குரிக் கொட்டையா இல்லையா? நெளியுதா இல்லையா?

– நெளியுது.

– காலையில எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் கெளம்பி ஷூவுக்குள்ள காலை விடுறார், சதக்குன்னு ஒண்ணு! வெள்ளையா, கொழுகொழுன்னு. செருப்பு அலமாரியைத் தொறந்தா உள்ள இந்தப் பை. அப்படியே எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

– அதான் பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறையோடவே சைக்கிள் ஏறிட்டீங்களாக்கும்.

– சிரிக்காதீங்க டீச்சர். நான் சண்டை போட வந்திருக்கேன்.

– தாராளமா போடுங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போடுங்க. முதல்ல உறையைக் கழட்டுங்க.

– மாட்டேன். இதையெல்லாம் வெறுங்கையால தொட என்னால முடியாது.

– சரி, பாருங்க, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த வேலையிலேயே தலை நரைச்சிடுச்சு. எலை உதிர ஆரம்பிச்சா பிள்ளைங்க பூங்காவுல ஓக் மரத்தடியில டோங்குரி பொறுக்கும். உள்ள புழு இருக்கும்னு இந்த ஊர்ல எந்த டீச்சருக்குத் தெரியாது? பெரிய குண்டான்ல கொதிக்க விட்டு, வெயில்ல காய வெச்சு, அப்புறம்தான் சாயம், பசை எல்லாம். கொதிக்காத கொட்டை ஒண்ணு என் வாசலைத் தாண்டுனது கிடையாது.

– தாண்டி எங்க வீட்டு ஷூவுக்கே வந்தாச்சு, இன்னும் பெருமைதானா?

– இபுக்கி என்ன சொன்னான்?

– என்ன சொல்வான்? அப்பா ஷூவைக் கவுத்துத் தட்டுனதும் ஒரே அலறல். பக்கத்து வீடெல்லாம் எட்டிப் பாத்துச்சு. எந்நேரமும் கழட்டாத அந்த நீலக் கையுறையால முகத்தைப் பொத்திக்கிட்டு தேம்பித் தேம்பி அழுதான். மண்ணைத் தொட மாட்டான், பசையைத் தொட மாட்டான், சோத்து உருண்டையைக்கூட உறையோடதான் பிடிப்பான். அந்தப் பிள்ளைகிட்டப் போய் புழுவைக் கொடுத்து அனுப்பியிருக்கீங்களே!

– நான் கொடுக்கலைங்கறேன்.

– வசந்தத்துல சகுரா பூக்கிறப்ப இங்க சேர்த்தேன். 'மழை வரட்டும், உறையைக் கழட்டிடுவான்'னீங்க. மழை வந்துச்சு. மத்த பிள்ளைங்க உள்ளங்கையை நீலச் சாயத்துல தோச்சு காகிதத்துல மழைக்காலப் பூ செஞ்சாங்க, இவன் குச்சியால குத்துனான். 'கோடை வரட்டும்'னீங்க. எல்லாரும் கலர் ஐஸ்கட்டியை உருட்டிப் படம் போட்டாங்க, இவன் வேடிக்கை பாத்தான். இப்ப எலையும் கொட்டையும். நீங்க சொன்ன பருவமெல்லாம் வந்துட்டுப் போகுது டீச்சர். உறை மட்டும் கழலலை.

– கழலும். நம்ம செண்டாய்ல பனி விழறதுக்குள்ள கழலும்.

– எங்கேருந்து வருது உங்களுக்கு இந்தத் தைரியம்?

– அவன் பார்வையிலேருந்து. அவன் சும்மா வேடிக்கை பாக்குற பிள்ளை இல்ல, இபுக்கிம்மா. எதைத் தொடலாம்னு தேடுற பிள்ளை.

– பேச்சுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பள்ளியில அவங்கப்பா இடம் கேட்டு வெச்சிருக்கார். இந்த வயசுலேயே எழுத்து, கணக்கு. பென்சில் பிடிச்சா போதும், உறையைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். சரின்னு சொல்லப் போறேன்.

– அப்ப அதுதான் விஷயம். புழு சாக்கு.

– சாக்கு இல்ல. பொறுத்தது போதும்னு அந்தப் புழுதான் சொல்லிச்சு. எனக்கு மட்டும் ஆசையா? காலையில அழாம அவன் வர்ற ஒரே இடம் இதுதான். ஆனா பயமா இருக்கு டீச்சர். இப்படியே வளந்துட்டா என்ன பண்ணுவேன்?

– கொஞ்சம் இருங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முட்டை அட்டை, அவங்கவங்க கொட்டை அதுல. இபுக்கி பங்கு இங்க இருந்துச்சுன்னா, உங்க வீட்டுப் புழுவுக்கு நான் பொறுப்பில்ல. இதோ, இபுக்கி. பழுப்புச் சாயம் எவ்வளவு அழகா... அட கடவுளே.

– என்ன?

– இது கொட்டை இல்ல.

– பின்ன?

– கூழாங்கல்லு. அத்தனையும் கூழாங்கல்லு! சாயம் பூசி அடுக்கி வெச்சிருக்கான், படவா. நானும் 'சபாஷ்'னு தட்டிக் கொடுத்தேன்!

– அப்ப அவன் பொறுக்கின கொட்டை?

– குண்டானுக்கே வரலை. பூங்காவுலேருந்து நேரா உங்க வீட்டுக்கு.

– எதுக்கு? எதுக்கு இப்படிச் செய்யணும்?

– இருங்க. அன்னிக்கு அடுப்பு மூட்டுறப்ப, 'டோங்குரியெல்லாம் வெந்நீர்ல குளிக்கப் போகுது'ன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். ஒரே கைதட்டல். இவன் மட்டும் என் ஏப்ரனைப் பிடிச்சு இழுத்தான். 'உள்ள இருக்கிறவனும் குளிப்பானா'ன்னு கேட்டான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– 'அவன்தான் முதல்ல குளிப்பான்'னு சொல்லிச் சிரிச்சேன். அவனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு, இபுக்கிம்மா. இந்த நரைச்ச மண்டைக்குத்தான் உறைக்கலை.

– அப்ப காலையில அலறினது...

– பயந்து இல்ல. அப்பா மிதிச்சிட்டாரேன்னு.

– ஐயோ. நான் 'புழு பட்டுடுச்சா, பட்டுடுச்சா'ன்னு அந்த உறையைத் தேச்சுத் தேச்சுக் கழுவினேனே. அவன் எங்க டீச்சர்?

– தோட்டத்துலதான். எல்லாரும் எலைக் குவியல்ல குதிக்கிறாங்க பாருங்க.

– அங்க இல்ல. அதோ, மரத்துக்குப் பின்னாடி குந்தியிருக்கான். புல்லுல நீலமா என்ன கிடக்கு?

– எங்க?

– ரெண்டு கிடக்கு. டீச்சர், அது அவன் உறை.

– ஸ்ஸ். கூப்பிடாதீங்க. மெதுவா வாங்க.

– தோண்டுறான். வெறுங்கையால தோண்டுறான்! நகமெல்லாம் மண்ணு!

– ஈர மண்ணு வேற. நான்தான் சொன்னேனே, பனிக்கு முன்னாடி...

– வாயை மூடுங்க டீச்சர். என்னைக் கொஞ்சம் அழ விடுங்க.

– அம்மா, சத்தம் போடாத. இவன் தூங்கப் போறான்.

– யாரு கண்ணா?

– டோங்குரிக்குள்ள இருந்தவன். அவங்களுக்கு ஷூ பிடிக்கலை, மண்ணுதான் பிடிக்கும். அதான் பாக்கெட்டுல கொண்டு வந்தேன். டீச்சர் வர வேணாம். குளிப்பாட்டிடுவாங்க.

– மாட்டேன்டா ராசா. குண்டானைக் கவுத்து வெச்சாச்சு. சத்தியம்.

– அப்ப வாங்க. அம்மா, நீ இவனைப் பிடி. குறுகுறுன்னு இருக்கும்.

– நானா? சரி, கொடு. இந்தா, கையை நீட்டிட்டேன்.

– உறையைக் கழட்டும்மா. பயப்படாத, நான் இருக்கேன்ல.