கரண்டிச் சத்தம்

உக்காருங்கக்கா. தண்ணியாவது குடிங்க. போன் போகாதுக்கா, நானும் வந்ததுலேந்து போட்டுப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அங்க ராணுவம் ஆட்சியப் புடிச்ச மறுநாளே லைனையெல்லாம் நிறுத்திட்டாங்க. எங்க பிளேன் கிளம்புன கையோட ஏர்போர்ட்டையும் மூடிட்டாங்களாம்.

ஆமா, ஒரே வீடு, ஆளுக்கொரு ரூம். ஒரே ஃபேக்டரி. உங்க தம்பி மெஷின் ஃபிட்டர், நான் ஆபீஸ்ல. ரெண்டு வருஷம்.

சண்டையா? அய்யய்யோ, அவன்கூட யாருக்கா சண்டை போட முடியும்? சிரிச்சே ஆளக் கவுத்துருவானே. எங்க வீட்லயே முதல் டிகிரி நான்தான். விழுந்து விழுந்து படிச்சவன். சூப்பர்வைசர் வேலைக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன். போன வாரம் அவனுக்குக் குடுத்தாங்க. மெஷினுக்கு ஒண்ணுன்னா அவன்தான் வேணும், என் டிகிரிய வச்சு விசிறிக்கதான் முடியும்.

அதுகூடப் பரவால்லக்கா. ராணுவம் ஆட்சியப் புடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் தெருமுனையில டாங்கி வந்து நின்னுச்சு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடன்னு ஆடுது. அப்ப இங்கேந்து எங்கம்மா போன். எடுத்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? தம்பி சாப்புட்டானா, வெளிய கிளிய போயிடப் போறான், பாத்துக்கோன்னு. என்னைய இல்ல, அவனை. தினம் அம்மா, அம்மான்னு பேசிப் பேசி எங்கம்மாவையே மயக்கி வச்சிருந்தான்.

இல்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல பையன். அதான் பிரச்சனையே.

மறுநாள் காலைல பத்து மணிக்கு எங்களை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக கம்பெனி பஸ் வந்துச்சு. கண்ணாடியெல்லாம் பேப்பர் ஒட்டி மறைச்சிருந்தாங்க. பத்து நிமிஷம் டைம், ஆளுக்கு ஒரு பை, கூட இருக்குறவங்களை எழுப்பிக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. அவன் அந்த நிலைமையிலயும் நைட் ஷிஃப்ட் போய் முடிச்சுட்டு வந்து, காதுல பஞ்ச வச்சு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிட்டிருந்தான்.

தட்டுனேன்க்கா. பஸ்ல பேர் எழுதுன மேடம்கிட்டயும் அதான் சொன்னேன். தட்டுனேன், பதில் இல்லன்னு. ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஒருவேளை ஃபேக்டரியிலயே தங்கிட்டான் போலன்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. பஸ் வேற நகர ஆரம்பிச்சுருச்சு.

உள்ள சமையல்கட்டுல அம்மாதான். நீங்க வந்தது தெரியும், வர மாட்டாங்க. பையத் தூக்கிட்டு உசிரோட வாசல்ல வந்து நிக்கிறேன்க்கா, என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டு, அவன் எங்கடான்னாங்க. அப்பலேந்து எங்கிட்டப் பேசல.

என்னது? ஓ, கரண்டி. அதையும் உங்ககிட்டச் சொல்லியிருக்கானா? ஆமாக்கா, நிஜம்தான். சும்மா தட்டுனா அவனுக்குக் கேக்காது. தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இரும்புக் கரண்டியால கதவுல நாலு போடு போட்டாத்தான் எந்திரிப்பான். அடிச்சு அடிச்சு அது தலையே கோணிப்போச்சு. வேற யாரு, நான்தான் எழுப்புவேன்.

அன்னைக்கும் அது அடுப்புப் பக்கத்துலதான்க்கா கெடந்துச்சு. கண்ணுல பட்டுச்சு.

விரலாலதான் தட்டுனேன். ரெண்டு தடவை.