ஒருத்தன ஒருத்தன் தேடாதிய

"நீச்சே! நீச்சே!"

வாக்கிடாக்கியில் போசன் கத்துகிறார், எங்கள் தள மாலுமிகளின் மேஸ்திரி. இந்தியில் குனி என்கிறார். நான் ஏற்கெனவே தளத்தில் கவிழ்ந்து கிடக்கிறேன். இரும்பு சுடுகிறது. செங்கடல். ஜூலை மாதம். வெள்ளிக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. வானத்தில் பழைய ஸ்கூட்டர் ஓடுவதுபோல ஒரு சத்தம். முதலில் தூரத்தில். பிறகு தலைக்கு மேல். பிறகு சத்தம் நின்றது. நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. இரண்டாம் கிடங்கின் மூடி பிய்ந்து மேலே போனது.

நெருப்பு. கறுப்புப் புகை. என் காதில் ஒரே ஒரு நீண்ட விசில், வேறெதுவும் இல்லை. மூக்கில் ரத்தம். நான் கப்பலின் முன் முனையில். மற்ற எல்லோரும் பின்னால். நடுவில் தீ. கையிலிருந்த வாக்கிடாக்கி இரண்டாக உடைந்து கிடக்கிறது. கயிறு இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தின் பின்னால் ஊர்ந்து போய் ஒடுங்கினேன். ஏற்றி வந்தது கோதுமை. அது எரிகிறது. சப்பாத்தி கருகும் வாசனை. இன்றும் வீட்டில் சப்பாத்தி போட்டால் நான் வெளியே போய்விடுகிறேன்.

என் பெயர் ரூபன். தாராவியில் பிறந்தவன். தளத்தில் வேலை செய்யும் மாலுமி. எங்கள் கப்பலுக்கு யாரோடும் சண்டை இல்லை. அந்த டிரோனை ஏவியவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்கும் என்னைத் தெரியாது. செய்தித்தாளில் ஒரு வரி வந்தது: இந்திய மாலுமி ஒருவரைக் காணவில்லை. பெயர்கூடப் போடவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன்.

காணாமல் போனவன் பெயர் செல்வின். என் தங்கை பெனிட்டாவின் புருஷன்.

முந்தின செப்டம்பரில் பாந்த்ரா மாதா திருவிழாவுக்குப் போனோம். மலை ஏறும் வழியெல்லாம் மெழுகு உருவங்கள் விற்பார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மெழுகுக் கால். பிள்ளை வேண்டுபவர்களுக்கு மெழுகுக் குழந்தை. வேண்டிக்கொண்டு மாதாவிடம் வைக்க வேண்டும். அம்மா மூன்று வாங்கினாள். வீடு. குழந்தை. கப்பல். வீடு எங்களுக்கு. குழந்தை பெனிட்டாவுக்கு. கப்பல் செல்வினுக்கு. அவன் பயிற்சி முடித்துவிட்டு பேலாப்பூரில் ஏஜென்ட் வீட்டுப் படிகளைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். கல்யாணமே இன்னும் ஆகவில்லை, அதற்குள் பிள்ளைக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். ரயிலுக்கே முன்பதிவு செய்கிறோம், மாதாவுக்குச் செய்தால் என்ன என்றாள். ஊர் வாயை மூடினாலும் என் அம்மா வாயை மூட முடியாது.

மூன்றும் கிடைத்தன.

ஜனவரியில் தாராவிக் கோவிலில் கல்யாணம். மாட்டுங்காவுக்கு மாலை வாங்கப் போன மாமா சயான் சிக்னலில் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வெறுங்கழுத்தோடு பீடத்துக்கு முன் நின்றான். நெளியவில்லை. கோட்டுப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிரித்தான். அன்றைக்குத்தான் எனக்கு அவனைப் பிடித்தது. மார்ச்சில் செம்பூரில் வீட்டுச் சாவி. ஏழாவது மாடி. அத்தனை வருடம் பத்துக்குப் பத்து அறையில் கிடந்தவர்கள் நாங்கள். முதல் நாள் அம்மா ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். ஏப்ரலில் பெனிட்டா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அதே வாரம் செல்வினுக்கு வேலை வந்தது. என்ஜின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலை. என் கம்பெனி. என் கப்பல்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

அவள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அவள் ஆட்கள் ஒரே வீட்டு ஆண்கள் இரண்டு பேரை ஒரே வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் சாகக் கூடாது, அதற்காகத்தான் அப்படி என்று நான் நினைத்திருந்தேன். இது வள்ளமா அம்மா, தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தைவிட நீளம் என்று கேலி செய்தேன். அவள் மசியவில்லை. பெனிட்டாதான் அழுது சாதித்தாள். முதல் பயணம், தெரியாத ஆட்கள், அண்ணன் பக்கத்தில் இருந்தால் தனக்குத் தூக்கமாவது வரும் என்றாள். பிள்ளைத்தாய்ச்சியின் அழுகைக்கு முன்னால் அம்மா எத்தனை நாள் நிற்பாள்?

மே மாதம் கிளம்பினோம். டாக்ஸி கீழே நின்றது. அம்மா எங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டாள். பிறகு சொன்னாள்.

"எங்க அண்ணன் வள்ளத்துலருந்து விழுந்தான். அவனத் தேடி தம்பி குதிச்சான். கடல் ஒருத்தனத்தான் கேட்டுச்சு. நாங்கதான் ரெண்டு பேரக் குடுத்தோம். என்ன வந்தாலும் அங்க ஒருத்தன ஒருத்தன் தேடாதிய."

சரி அத்தை என்றான் செல்வின். நானும் சரி என்றேன்.

கப்பல் எரிகிறது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: அடி விழுந்தால் எல்லோரும் பின்னால் உள்ள ஸ்டியரிங் அறைக்கு ஓட வேண்டும். கதவைப் பூட்ட வேண்டும். ஆள் எண்ண வேண்டும். எண்ணியிருக்கிறார்கள். ஒன்று குறைந்தது. நான். யாரும் வெளியே போகக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டார். செல்வின் கதவருகில் இருந்தான். இதையெல்லாம் சமையல்காரர் பிறகு சொன்னார். அவர் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறார். மச்சான் முன்னால் இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். சட்டை கையிலிருந்து நழுவிவிட்டது.

புகை ஒரு பக்கம் விலகுகிறது. ஆரஞ்சு உடுப்பு. குனிந்து ஓடி வருகிறான். அவன்தான். வாய் திறந்து மூடுகிறது. எனக்குக் கேட்கவில்லை. வானத்தில் மறுபடி ஒன்று. அது எனக்குத் தெரிகிறது. அவனுக்கு முதுகுப் பக்கம்.

"வராத மாப்ள! உள்ள போ! போ!"

என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்துவிட்டான். கையை ஆட்டினான். அவன் முகத்தில் சந்தோஷம். நான் உயிரோடு இருக்கிற சந்தோஷம். அதைப் பார்த்தேன்.

தளம் எழும்பி என் மார்பில் அடித்தது. தகடுத் துண்டுகள் விஞ்சில் பட்டுத் தெறித்தன. ஒன்று என் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. தலையைத் தூக்கினேன். அவன் நின்ற இடத்தில் தளமே இல்லை. ஓரத்துக் கம்பி முறுக்கிக்கொண்டு கடலைப் பார்த்து வளைந்திருந்தது. கீழே எண்ணெயும் எரிகிற தார்ப்பாயும் மிதந்தன. கம்பிமேல் ஒரு காலைப் போட்டுவிட்டேன். தீயை அணைக்கத் தண்ணீர்க் குழாயோடு முன்னால் வந்த போசன் என்னைப் பின்னால் இழுத்துத் தள்ளி என் மேலேயே உட்கார்ந்தார். ரத்னகிரிக்காரர். மலை மாதிரி ஆள். அவரைக் கடித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

மாலைவரை தேடினார்கள். வேறொரு கப்பல் வந்தது. படகும் வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் கப்பல் எரிந்து போனது; வந்த கப்பல் எங்களைக் கரை சேர்த்தது.

செம்பூர் வீட்டுக்கு வந்தேன். பெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழுவதையும் சொன்னேன். யாரைத் தேடி அவன் வந்தான் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசில அவரு கூப்பிட்டது ஒனக்குக் கேட்டுச்சா அண்ணே?"

கேட்கவில்லை என்றேன். அப்புறம்தான் அழுதாள். அவளிடம் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

உடல் இல்லை என்பதால் செத்தவர்களுக்கான பூசைக்கு அவள் சம்மதிக்கவில்லை. தாலி கழுத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அம்மா அவளை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அந்த வருடச் செப்டம்பரிலும் அம்மா பாந்த்ராவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மெழுகுக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். குழந்தையை வாங்கு, நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று நான் சொன்னேன். அவள் எதையும் தொடவில்லை.

"கேட்டா மாதா குடுத்துருதா மக்கா. அதான் பயமா இருக்கு."

டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிறாள்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். செல்வின். இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். என் இடது காது. அம்மாவின் செபமாலை; மூன்றாம் மணியில் நிறுத்திவிடுகிறாள், மேலே போவதில்லை. பெனிட்டாவின் தூக்கம். நாங்கள் வந்த அந்தக் கப்பல். அதன் கோதுமை முழுவதும்.

கப்பலில் நாங்கள் இருபத்திரண்டு பேர். ஸ்டியரிங் அறையில் எண்ணியபோது இருபத்தொன்று. கரையில் இறங்கியபோது மறுபடி எண்ணினார்கள். அப்போதும் இருபத்தொன்றுதான். பெயர் மட்டும் மாறியிருந்தது.