சனிக்கிழமையின் முதல் குவளை

அவரைக் குழம்பு வைப்பதில் நான் கெட்டிக்காரன், சார்ஜெண்ட் அம்மா. எங்கள் ஊர் வயெஸ்கூராவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் மூன்று வருஷத்துக்கு முன்னால், என் மனைவி தெல்ஃபினாவின் பிறந்தநாளன்று, ஒரு பானை குழம்பைக் கரியாக்கினேன். அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாளில் கால்பந்துப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். பன்றித்தொடையும் ரத்தத் தொத்திறைச்சியும் அடிப்பிடித்துக் கருகி, புகை உத்தரத்தைத் தொட்டிருக்கிறது. கண் எரிந்தது உண்மைதான். எங்கள் அணி தோற்றிருந்தது, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

தெல்ஃபினா தெருமுனையிலிருந்தே ஓடிவந்தாள். "என்ன மனுஷன்யா நீ? மூஞ்சியில மாட்டியிருக்கறது மூக்கா, கதவுக் கைப்பிடியா?" என்றாள்.

கைப்பிடிதான். அன்றைக்குத்தான் எனக்கே உறுதியாயிற்று. அவளிடம் கால்பந்து மேல் பழியைப் போட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பானையைத் தேய்க்கப் போனாள். நம்பிவிட்டாள் என்று நிம்மதியானேன்.

அந்தப் பிப்ரவரியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தது. பத்து நாளில் போயிற்று. போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு தொழில்காரனாக இருந்தால் ஒரு வாரம் புலம்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் ஆப்பிள் மது வடிக்கிறவன். எங்கள் தோட்டத்தில் முப்பத்தொரு வகைப் பழைய மரங்கள் நிற்கின்றன. ரெகோனா புளிக்கும், துரோனா இனிக்கும், இன்னும் சில வகைகள் நாக்கைச் சுருட்டி இழுக்கும். சிலவற்றில் மிச்சம் ஒரே ஒரு மரம்தான். எதை எதோடு எவ்வளவு கலப்பது, எந்தப் பீப்பாய் பக்குவமாயிற்று, எது புளித்துக் காடியாகப் பார்க்கிறது, எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு குவளையை நீட்டினால் பழம் எந்தச் சரிவில் நின்ற மரத்துடையது என்று இந்தச் செல்சோ சொல்லிவிடுவான் என்று மூன்று பள்ளத்தாக்குகளில் பேச்சு இருந்தது. அதில் பாதி நானே கிளப்பிவிட்டது. மீதிப் பாதி உண்மை. அந்த மீதிப் பாதிதான் போய்விட்டது.

பயம் என்றால் என்னவென்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் எரிவாயு கசிந்தால் தெரியாது என்று பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன். பால் கெட்டிருக்குமோ என்று கறுப்புக் காப்பிக்கு மாறினேன். நாறுகிறேனோ என்ற சந்தேகத்தில் ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றினேன். "உனக்கு ஏதாச்சும் காதலி கீதலி வந்திருக்காளா?" என்று தெல்ஃபினா கேட்டாள். எங்கள் மதுக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் யார் சிரித்தாலும் குவளை துடைக்கிற சாக்கில் திரும்பிப் பார்ப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஊர்க்காரர்கள் என் முன்னால் வாசனை பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். ரொட்டிக்கடை நேலிதா முன்பெல்லாம் சூடான ரொட்டியை என் மூக்கருகே நீட்டி "எப்படி?" என்பாள். திடீரென்று "நல்லா மொறுமொறுன்னு இருக்கு, கடிச்சுப் பாரு" என்று மாற்றிக்கொண்டாள். காரணத்தை நான் ஆராயவில்லை. கிடைத்த அதிர்ஷ்டத்தைக் குறுக்கு விசாரணை செய்வானேன்.

எவாரிஸ்தோ இல்லாமல் நான் மூன்று வருஷத்தை ஓட்டியிருக்க முடியாது. தெல்ஃபினாவின் தம்பி, என் கூட்டாளி. நல்ல மூக்கு, ஆனால் கலக்கத் தெரியாது. முகமோ கதவில்லாத கடை மாதிரி, உள்ளே இருக்கும் சரக்கெல்லாம் தெருவுக்குத் தெரியும். மது நன்றாக இருந்தால் புருவம் இரண்டும் தொப்பிக்குள் ஏறும். காடி தட்டினால் உதட்டைக் குவிப்பான். பீப்பாயில் பூஞ்சை என்றால் பிடரியைச் சொறிவான். நான் அந்த முகத்தைப் படித்துவிட்டு, கண்ணை மூடி, குவளையை மூக்கருகே கொண்டுபோய், ஒரு நீளமான மூச்சை இழுத்து, தீர்ப்புச் சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

ஒரு பெஞ்சுக்கு ஒரே குவளைதான் சுற்றும், உங்களுக்குத் தெரியும். புதுப் பீப்பாய் திறக்கும்போது முதல் வாய் எனக்குரியது. அதை நான் எவாரிஸ்தோவுக்கு விட்டுக்கொடுத்தேன். "சின்னவன் முதல்ல குடிக்கட்டும்" என்றேன். நூற்றாண்டு வழக்கத்தை மாற்றுகிறேனே, ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று நடுங்கிக்கொண்டுதான் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. என் பெருந்தன்மையைப் பற்றிப் பாதிரியார்கூட ஒரு வார்த்தை சொன்னார். போகப்போக எவாரிஸ்தோவின் முகம் இன்னும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கடைசி வருஷம் அவன் உதட்டைக் குவித்தது கடைசி பெஞ்சிலிருந்தே தெரிந்தது. வயதாக ஆக மனிதனுக்கு அடக்கம் குறைகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இந்த ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு பேரும் ரப்பர்க் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்:

"மச்சான், ஒவியேதோ டவுன்ல ஒரு மூக்கு டாக்டர் இருக்காராம். நல்ல கைராசியாம். ஒருநாள் போயிட்டு வருவமா?"

"என் மூக்குக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பெருசா இருக்கேன்னு பார்த்தேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். என் கை குழாயை நெரித்ததில் தண்ணீர் நின்றுவிட்டது.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்றேன்.

"எத?"

"அதான்."

"நீ என்ன சொல்றேன்னே புரியல மச்சான்" என்றான். கடையில்லாத நாளில் அந்த முகத்துக்கும் கதவு உண்டு என்று அப்போதுதான் கண்டேன்.

அடுத்த இரண்டு நாளில் இன்னும் நான்கு தடவை கேட்டேன். ஒரு தடவை பாட்டுப் பாடினான். ஒரு தடவை சாப்பிடப் போனான். நேராக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல். அதற்கு எவ்வளவு மூச்சு செலவாகும் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை நான்காம் பீப்பாயிலிருந்த மதுவை வேறு பீப்பாய்க்கு மாற்றினோம். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் கஷ்கொட்டை மரப் பீப்பாய். அடியில் வண்டல் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த வண்டலிலிருந்து வருகிற வாயு கனமானது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளேயே கிடக்கும்; உள்ளே நீட்டிய மெழுகுவர்த்தி அணைந்துவிடும், அதை மூச்சிழுத்த ஆளும் விழுந்துவிடுவான். அதனால் முழங்கால் உயரத்தில் இருக்கிற சின்னக் கதவை ஒரு பகல் ஒரு ராத்திரி திறந்துவைப்பது வழக்கம். திறந்துவைத்தேன். எவாரிஸ்தோ பார்த்தான். அவன் வீட்டுக்குப் போனதும் மூடினேன். பூனை நுழைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. எங்களிடம் பூனை கிடையாது, ஆனால் ஊரில் பூனைகள் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் வருவதற்குச் சற்று முன் மறுபடி திறந்தேன். உள்ளே போய்த் தேய்க்கிறவன் அவன். என் தொப்பை அந்தக் கதவில் நுழையாது. சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "மெழுகுவர்த்தி எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எரியத்தான் எரிந்தது. என் நெஞ்சு உயரத்தில் பிடித்திருந்தேன். உள்ளே நீட்டிப் பிடித்தாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நல்லவிதமாகத்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

உள்ளே இருக்கிறவன் வாய் ஓயாமல் பேச வேண்டும், வெளியே இருக்கிறவன் காது கொடுக்க வேண்டும். பேச்சு நின்றால் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். எவாரிஸ்தோ பேசினான். நேலிதா என் நடையைப் பார்த்து வாத்து என்றாளாம், அதை ரசித்துச் சொன்னான். தூரிகைச் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாயிற்று.

"மச்சான், தலை கிறுகிறுங்குது."

"நேத்து குடிச்சது இன்னும் எறங்கல" என்றேன்.

"இருக்கும்... நேத்து நான் குடிக்கவே இல்லியே."

அப்போது நான் குனிந்து கதவுக்குள் கேட்டேன். மிகவும் அமைதியாகத்தான் கேட்டேன். "எவாரிஸ்தோ, யார்கிட்டடா சொன்ன?"

"என்னது?" என்றான். குரல் தூக்கக்கலக்கத்தில் பேசுகிறவனுடையது மாதிரி இருந்தது. "மச்சான், காலப் பிடி."

"சொல்லு, பிடிக்கிறேன்."

நேராகப் பதில் சொல்லியிருந்தால் அந்த நொடியே இழுத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. பனியில் விறைத்த வண்டுகளைக்கூட அடுப்பருகே கொண்டுபோய் விடுகிறவன். அவன் யோசிக்கிறான் என்று நினைத்தேன், அவகாசம் கொடுத்தேன். தொட்டியில் முந்தினநாள் குவளைகள் கிடந்தன. நிற்கிற நேரத்தில் கழுவிவைக்கலாமே என்று கழுவினேன். ஏழு குவளை. துடைக்கவும் செய்தேன்.

அதன் பிறகு கத்தினேன். நன்றாகக் கத்தினேன், ஊரே வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தோள்வரை உள்ளே நுழைந்து அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன், கதவின் விளிம்பு என் விலாவைக் கிழித்தது. எல்லாரும் பார்த்தார்கள். நீங்களும் வந்து பார்த்து, விபத்து என்று எழுதினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. அடக்கத்தின்போது தெல்ஃபினா என் கையை விடவே இல்லை. நான் அழுதது நிஜமான அழுகை. இன்றைக்கும் குழாய் கழுவும்போது அவன் பாட்டைக் கேட்கிற மாதிரி நின்றுவிடுகிறேன்.

வீடு திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன்: "என்னைப் பத்தி எவாரிஸ்தோ ஏதாச்சும் சொன்னானா?" அவள் "கொஞ்சம் சூப்பு குடி" என்றாள். பாதிரியாரிடம் கேட்டேன், அவர் என் தோளைத் தட்டினார். ரொட்டிக்கடையில் சுற்றிவளைத்துக் கேட்டேன். நேலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு ரொட்டி கூடப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு மாதமாக எனக்கு ஒரு நேரான பதில் கிடைக்கவில்லை. தூக்கம் போய்விட்டது. தெரிந்தவன் எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்திருக்கிறான், வாயைத் திறக்க நேரம் பார்க்கிறான்.

இப்போது நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற காரணத்துக்கு வருகிறேன். மனசாட்சி என்று எழுத வேண்டாம், அது என்னைப் பற்றி உயர்வாகப் பேசுவதாகும். இன்றைக்கு வியாழன். நாளை மறுநாள் சனிக்கிழமை புதுப் பீப்பாய் திறக்கிறோம். நானூறு பேர் வருவார்கள். உள்ளே புகுந்து இழுத்ததற்காக எனக்குப் பாராட்டுத் தகடு ஒன்று வேறு கொடுக்கப்போகிறாராம் மேயர். முதல் குவளையை ஊற்றி என் கையில் கொடுப்பார்கள். எவாரிஸ்தோ இல்லை, அதனால் விட்டுக்கொடுக்கவும் ஆளில்லை. மற்ற முகங்களை இந்த இரண்டு மாதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் சுவர். பீப்பாயில் இருப்பது தேனா, காடியா, பூஞ்சைத் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. நானூறு பேர் முன்னால் காடியைக் குடித்துவிட்டு "ரெகோனா பேசுகிறாள்" என்று சொல்வேன். சிரிப்பு எங்கிருந்து தொடங்கும் என்றுகூட எனக்குத் தெரியும், இடதுபக்க பெஞ்சிலிருந்து. ஜெயிலில் யாரும் எதையும் மோந்து பார்க்கச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொலையைத் தாராளமாக எழுதுங்கள், கதவு, மெழுகுவர்த்தி, ஏழு குவளை, எல்லாம் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் மூக்கை மட்டும் போட வேண்டாம். தோட்டத்து எல்லைக்கல் தகராறு என்று போடுங்கள். எல்லைக்கல்லுக்காக மச்சானைக் கொன்றான் என்றால் நாலு பேர் தலையாட்டுவார்கள், மரியாதையான காரணம். மூக்குக்காக என்றால் என் பிணத்துக்குப் பின்னாலும் சிரிப்பார்கள்.

தட்டச்சை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

உங்களுக்கு ஏதோ தெரியும் போலிருக்கிறது. விசாரித்திருப்பீர்கள், போலீஸ்காரர் இல்லையா. அப்படியானால் நீங்களாவது சொல்லிவிடுங்கள். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன் அல்லவா. எவாரிஸ்தோ யாரிடம் சொன்னான்?

"எல்லார்கிட்டயும் சொன்னார், செல்சோ. நான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்த முதல் வாரமே என்கிட்டயும் சொன்னார். தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு, இதோ இந்த வாசல்லதான் நின்னார். 'எங்க மச்சானுக்கு மோப்பம் போயிடுச்சு. ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும்கறது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பயத்துலயே செத்துப்போவார். அவர் முன்னாடி கொஞ்சம் பார்த்துப் பேசுங்கம்மா'ன்னு கேட்டுக்கிட்டார்."