காகிதக் கப்பலில் இருபத்து மூன்று பேர்

மைதாப் பசையில் தண்ணீர் கூடிவிட்டால் காகிதம் கோணிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் செய்த கப்பல் இடதுபக்கம் வீங்கிப் போனதற்கு அதுதான் முதல் காரணம்.

கப்பலைப் பற்றி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். கப்பலை விட்டுவிட்டு எழுதினால் ஏதோ கோபத்தில் கண்மண் தெரியாமல் செய்துவிட்டேன் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். கோபம் உண்டு. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் செய்தது நிதானமாக.

என் பெயர் கோதண்டராமன். வயது இருபத்தேழு. கணிதத்தில் பி.ஏ. செங்கற்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சென்ற வருஷம், 1954 மாசி மகத்தன்று, மாமல்லபுரம் போகும் வழியில் பக்கிங்காம் கால்வாயைத் தோணியில் கடக்கும்போது என் மனைவி ரங்கநாயகி மூழ்கி இறந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அதே துறையில் இந்த வருஷ மாசி மகத்தில் இறந்த ஐந்து பேரைப் பற்றி நீங்கள் கேட்கிறீர்கள். அவளை யார் கொன்றது என்று கண்டுபிடிப்பதைத் தவிர இடைப்பட்ட ஒரு வருஷத்தில் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அவள் பிறந்த வீடு மாமல்லபுரம். பெருமாள் சமுத்திரக் கரைக்கு எழுந்தருளும்போது கடலில் ஸ்நானம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் தம்பி உப்பிலி எங்களை அழைத்துப்போக வந்தான். கோயில் கைங்கர்யத்தில் இருப்பவன், இருபத்திரண்டு வயது. கால்வாய்க் கரை வரை பஸ், அப்புறம் அப்பாசாமியின் தோணி. தோணிக்காரன் நீங்கலாக இருபத்து மூன்று பேர் இருந்தோம்.

நடுக்கால்வாயில் யாரோ "கருடன்!" என்று சொல்லக் கேட்டது.

உற்சவ நாளில் கருடன் வட்டமிட்டால் எங்கள் வீடுகளில் உட்கார்ந்திருப்பவன் எழுந்திருப்பான். கை கூப்புவான், கன்னத்தில் போட்டுக்கொள்வான். அதற்கு யோசனை கிடையாது. நடக்கக் கற்ற குழந்தையும் செய்யும். தோணியில் இருந்தவர்களும் எழுந்தார்கள். கருடன் தெற்கே இருந்தது, எல்லோரும் தெற்கே சாய்ந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர்தான். நான் கல்லூரியில் நீச்சல் கற்றவன், கரையேறிவிட்டேன். உப்பிலி கடலோரத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாதவன், அப்பாசாமியின் கழியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தான். ரங்கநாயகி ஒன்பது கஜப் புடவை கட்டியிருந்தாள். அரை மணி கழித்துத் தோணிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

விசாரணையில் முதலில் குரல் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். உப்பிலி எழுந்து, "நான்தான்" என்றான். சொல்லிவிட்டு அழுதான். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. எதிர்வீட்டுச் செங்கமலம் மாமி வந்து, "மாசி மகத்தன்னிக்கு, கருடனைப் பாத்துண்டே போயிருக்கா. நேரே வைகுண்டம்தான். கொடுத்து வெச்சவ" என்றாள். "மாமி, அடுத்த வருஷம் நீங்க போறேளா? தோணியில் இடம் பிடிச்சுத் தரேன்" என்று சொன்னேன். அதன் பிறகு அவள் வரவில்லை.

என்னோடு படித்த வெங்கடராகவன் சென்னையிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினான். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே கிடைத்ததாம். மூன்று பாய்மரக் கப்பலின் பாகங்கள் வர்ணத்தில் அச்சிட்ட பன்னிரண்டு கனத்த தாள்கள், ஒரு இங்கிலீஷ் குறிப்பு. வெட்டி, மடித்து, எண் பார்த்து ஒட்டினால் கப்பல். "கைக்கு வேலை கொடு" என்று எழுதியிருந்தான்.

கொடுத்தேன். சவர பிளேடால் வெட்டினேன். அடிக்கட்டையில் விலா எலும்புகள் போலப் பதினொரு குறுக்குத் தாள்களை நிறுத்தி, மேலே தோல் மாதிரி பக்கத்தாள்களைப் போர்த்த வேண்டும். முதல் முறையாகச் செய்கிறவன் செய்யக்கூடிய தப்புகள் எல்லாவற்றையும் செய்தேன். பசை காய்வதற்குள் கையை எடுத்தேன். இடதுபக்கத் தாளை வலதுபக்கம் ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டினேன். பாய்மரங்களைச் சைக்கிள் கம்பியில் சுற்றி உருட்டியபோது ஒன்று கம்பியை விட்டு வர மறுத்தது. பாய்களைப் பென்சிலில் சுருட்டிக் காற்று நிரம்பிய மாதிரி வளைத்தேன். ஒரு பாய்க்கு மட்டும் எதிர்க்காற்று அடித்தது.

உப்பிலி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவான். அவன் அம்மா தூக்கில் புளியோதரையோ ததியோன்னமோ கொடுத்தனுப்புவாள். வந்து என் வேட்டியைத் துவைத்துப் போடுவான். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"அத்திம்பேர், இதென்ன கப்பலா, பலாப்பழமா? வயத்தைத் தள்ளிண்டு நிக்கறதே."

"பசை தண்ணியாப் போயிடுத்து."

"பாதகமில்லே. நம்ம அப்பாசாமி தோணி இதைவிடக் கோணல்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. நடுப் பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பசை காய்கிற வரை நின்றான். அவன் கை நடுங்காமல் இருந்ததை நான் கவனித்தேன். அக்காவைக் கொன்ற கை எப்படி நடுங்காமல் இருக்கும் என்று நினைத்தேன்.

குறிப்பில், இது பார்வைக்கு வைக்க மட்டும், நீரில் விடக்கூடாது என்று போட்டிருந்தது. நான் மெழுகுவத்தியை உருக்கி அடிப்பக்கம் முழுக்கப் பூசினேன். வயிற்றில் கொஞ்சம் மணல் போட்டேன். கொல்லையில் அண்டாவை நிரப்பி அதில் விட்டேன். மிதந்தது. மேல்தட்டில் இருபத்து மூன்று புளியங்கொட்டைகளை வைத்தேன். எதையும் அவளென்று அடையாளம் வைக்கவில்லை, நான் அப்படிப்பட்டவன் அல்ல. எனக்கும் ஒன்று இருந்தது.

கப்பல் வேறு, தோணி வேறு. தெரியும். ஆனால் பாரம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கொட்டைகள் நடுவில் இருந்தால் கப்பல் அசையவில்லை. இன்னும் பத்துப் போட்டேன், அப்போதும் நின்றது. ஆகவே அப்பாசாமி அதிகம் ஏற்றியது காரணமில்லை. ஒன்றை மட்டும் விளிம்புக்கு நகர்த்தினேன், ஒன்றும் ஆகவில்லை. ஐந்தை நகர்த்தினேன், சாய்ந்து நிமிர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளினால்தான் கவிழ்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் செய்து பார்த்தேன். பிறகு அடிப்பக்கம் ஊறிப் பிரிந்துவிட்டது.

ஒரு நாள் லீவு போட்டு அப்பாசாமியைத் தேடிப் போனேன். துறையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அணைத்தான்.

"பாரம் அதிகம்னு சொல்றாங்களே" என்றேன்.

"இன்னா சாமி இப்டி சொல்லிக்கினு? இருவது வருசமா தோணி வுட்றேன். பாரத்துல ஒரு நாளும் கவுந்தது இல்ல. குந்திக்கினு வந்தா ஒண்ணும் ஆவாது. அத்தினி பேரும் எய்ந்து நின்னு ஒரே பக்கமா கும்பிட்டா தோணி இன்னா பண்ணும், சொல்லு."

"அப்போ முதல்ல குரல் கொடுத்தவன்தான் காரணம்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "அத்த வுடு சாமி. போனது போச்சு. நீ வூட்டுக்குப் போ" என்றான்.

என் கணக்கு சரி என்று அவனும் ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் உப்பிலிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பங்குனியில் முகூர்த்தம். அதை என்னிடம் சொல்ல அவன் மூன்று ஞாயிறு தயங்கினான். கடைசியில் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னான். நல்ல இடமா என்று கேட்டேன். பெண்ணின் பெயர் காமு என்றான். அன்றைக்கு முடிவு செய்தேன். என் மனைவியை ஒரு வார்த்தையில் கொன்றுவிட்டு அவன் ஒருத்தியைக் கைப்பிடித்து வருவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மாசி மகத்தன்று அவனே என்னை அழைக்க வந்தான். "அக்காவுக்காக ஒரு முழுக்கு போடுங்கோ அத்திம்பேர். நான் கூட இருக்கேன்." காலை ஒன்பது மணிக்குத் துறையில் நின்றோம். தோணி நிறைந்துகொண்டிருந்தது.

"வாங்கோ, இடம் இருக்கு" என்றான்.

"நீ முன்னாடி போ. நான் அடுத்த நடையில் வரேன்."

"இந்த இடத்துல தனியா நிக்காதீங்கோ, அத்திம்பேர்."

"போடா" என்றேன். போனான். இருபது பேர் ஏறியிருந்தார்கள். தோணி நடுவுக்குப் போகும் வரை காத்திருந்தேன். பிறகு கரையோரமாகத் தெற்கே பத்தடி நடந்து, வானத்தைக் காட்டி, என் குரலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உரக்க, "கருடன்! கருடன்!" என்று கத்தினேன். வானத்தில் ஒன்றும் இல்லை.

"குந்துங்க! எய்ந்திரிக்காதீங்க!" என்று அப்பாசாமி கூச்சலிட்டான். யாரும் கேட்கவில்லை. உப்பிலி ஒருவன்தான் எழுந்திருக்கவில்லை. அவன் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு என்று அப்போது நினைத்தேன்.

உப்பிலியோடு திருவேங்கடம் என்ற விவசாயியும் அவர் மனைவி ஆராயியும், வேண்டா என்ற பெண்ணும் அவள் இடுப்புக் குழந்தையும் இறந்ததாகச் சொன்னீர்கள். அவர்கள் பெயர் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஒருவனுக்காக ஐந்து பேரா என்று உங்கள் ஏட்டு என் சட்டையைப் பிடித்தார். அவர் புளியங்கொட்டையை வைத்துப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் நகர்த்திக் கவிழ்க்க முடியாது. அதை நான் நாற்பது தடவை செய்து பார்த்தவன்.

ஆகவே, ஐந்து பேரையும் நான்தான் கொன்றேன். யார் தூண்டுதலும் இல்லை. இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் நேற்று நீங்கள் அப்பாசாமியின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்கள்:

"போன வருசமும் இதே கொரல்தான் சார். அந்தம்மா புருசன்தான் மொதல்ல எய்ந்து கத்துனாரு. நான் பின்னால நின்னுக்கினு பாத்தேன். அந்தப் புள்ள உப்பிலிதான் என் காலப் புடிச்சிக்கினு, 'அத்திம்பேரு தாங்க மாட்டாரு, நான்னு சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காத'ன்னு அயுதுச்சு."

அப்பாசாமி பொய் சொல்கிறவன் இல்லை. எனவே இதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். கருடனை முதலில் பார்த்தது நான். உண்மை. ரங்கநாயகி பக்கத்தில் குனிந்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றைக் காட்டுவது உலகத்தில் இல்லாத வழக்கமல்ல. அவளுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னேன். மற்றவர்கள் காதில் அது விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.