கேட்டுக் கம்பத்துச் சாக்கு

பெயர், விலாசம் முதல் தாளில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தாறு. தொழில், மாடு வளர்த்துப் பால் ஊற்றுவது. சுழல்காற்றில் தொழுவம் இடிந்து பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோன வழக்கில் என் கணவரைப் பிடித்து வைத்திருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வரச் சொன்னார்கள். காலைக் கறவையை முடித்துவிட்டு நானாகவே வந்தேன். பொய்ச் சாட்சி சொன்னால் தண்டனை உண்டு என்று வாக்குமூலம் வாங்குகிற ஐயா ஆரம்பத்திலேயே சொன்னார். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நானும் சொன்னேன்.

இறந்தவரை எங்கள் பக்கத்தில் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தால் மேய்கிற மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கி அவர் வீட்டைப் பார்த்து நடக்கும். என் மாடுகளும் வெட்கம் கெட்டுக் கூடவே போய்விடும், நான் போய்ப் பிரித்து ஓட்டி வர வேண்டும். அவருடைய கணவர் தபால்காரர், இந்தப் புகாரைக் கொடுத்தவர். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தீவனப்புல் நிலமும் ஒரு வைக்கோல் போரும்தான்.

சாக்கு விஷயத்தை முதலில் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் பக்கம் சரிவான நிலம், சுழல்காற்று அடிக்கிற இடம். தகரக் கூரைக்கு அடியில் கட்டிப்போட்ட மாடு காற்றில் பிழைக்காது, அவிழ்த்துவிட்ட மாடு தானாகவே பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் காற்று வருவது தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் தங்கள் தொழுவத்தைத் திறந்துவிட்டு, ஆள் இல்லாத பக்கத்து வீட்டுத் தொழுவத்தையும் திறந்துவிடுவார்கள். திறப்பது பள்ளத்தைப் பார்த்த பின்கதவு. முன்பக்கம் நின்று பார்த்தால் திறந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆகையால் திறந்தவர் ஒரு தீவனச் சாக்கை அந்த வீட்டு கேட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டு வருவார். வெளியே போயிருந்த வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தாலும் சாக்கைப் பார்த்ததும் தொழுவத்துக்குள் போகாமல் நேரே நிலவறைக்குப் போய்விடலாம். யார் இதை ஆரம்பித்தது என்று தெரியவில்லை, சட்டம் போட்டு வந்ததில்லை.

அடுத்து இரு வீட்டுக்கும் இருந்த மனஸ்தாபம் பற்றி ஐயா கேட்டார். இருந்தது, மறைக்கவில்லை. அவர்கள் தொழுவம் கழுவிய தண்ணீர் எங்கள் புல் நிலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் வரப்பை உயர்த்தி மண் போட்டார். தண்ணீர் திரும்பி அவர்கள் முற்றத்தில் தேங்கியது. அதற்குப் பிறகு வாய் வார்த்தை முற்றி, கூடப்பிறந்த மாதிரி இருந்த இரண்டு வீடும் சாணித் தண்ணீருக்காகப் பேச்சை நிறுத்தின. பால் ஊற்றும் இடத்தில் நாலு பேர் முன்னால் என் கணவர், "அவங்க தொழுவம் இடிஞ்சு விழுந்தாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று சொன்னது உண்மை. நானும் அங்கே கேனோடு நின்றிருந்தேன். மற்ற சாட்சிகள் சொன்னதில் அந்த வார்த்தை மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் வாய் அப்படி. அவர் நடத்துகிற பட்டறையில் இரும்போடு பேசிப் பேசி மனிதர்களோடு பேசத் தெரியாமல் போய்விட்டது.

சம்பவ நாளன்று மதியம் வரை நல்ல வெயில். அதன் பிறகு காற்று சுத்தமாக நின்றுவிட்டது, கோழிகள் பகலிலேயே கூண்டுக்குப் போய்விட்டன, மேற்கே வானம் பழுத்த காயம் மாதிரி ஒரு நிறத்துக்கு வந்தது. செல்போனில் எச்சரிக்கை வந்தபோது என் கணவர் பட்டறையை மூடிவிட்டு ஓடி வந்திருந்தார். அவர் எங்கள் தொழுவத்தைத் திறந்தார், நான் மாமியாரை நிலவறைக்கு இறக்கப் போனேன். விதைக்கிழங்கு வைப்பதற்காகத் தோண்டிய அறை அது, படிகள் செங்குத்து. மாமியாருக்கு முட்டி மடங்காது, ஒவ்வொரு படிக்கும் ஒரு வழக்கு வைப்பார்.

அப்போது பக்கத்துத் தொழுவத்தில் மாடுகள் கத்தின. தபால்காரர் வேலையில் இருந்தார், விசிலக்கா சந்தைக்குப் போயிருந்தார். என் கணவர் ஒரு நிமிடம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வாசலில் மடித்து வைத்திருந்த சாக்குகளில் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு, "மாடு என்ன பண்ணுச்சு, பாவம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். வைக்கோல் போர் வரை அவர் கையில் சாக்கோடு ஓடியதைப் பார்த்தேன். போரைத் தாண்டினால் எங்கள் வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் மாமியார் நடுப்படியில் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றதால் நான் உள்ளே திரும்பினேன்.

என் கணவர் திரும்பி வந்தபோது கையில் சாக்கு இல்லை. மூச்சு வாங்கியது. "தொறந்தாச்சு" என்றார். கட்டியாச்சா என்று நான் கேட்கவில்லை. அதை யாரும் கேட்பதில்லை, சாப்பிட வருகிறவரைக் கை கழுவினாயா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். கதவை இழுத்துத் தாழிட்டோம்.

உள்ளே உட்கார்ந்த சிறிது நேரத்தில் மேலே விசில் சத்தம் கேட்டது. மாமியாருக்கும் கேட்டது. சந்தையிலிருந்து விசிலக்கா வந்துவிட்டார் என்று தெரிந்தது. என் கணவர் எழுந்து, "அவங்க வந்துட்டாங்க போல" என்று தாழ்ப்பாளில் கை வைத்தார். அதற்குள் காற்றின் இரைச்சல் ஆரம்பித்திருந்தது. நான்தான், "சாக்கைப் பாத்துட்டு அவங்க நிலவறைக்குப் போயிடுவாங்க, நீங்க உக்காருங்க" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். இந்த இடத்தை அழுத்தி எழுதிக்கொள்ளும்படி ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். சாக்கைக் கட்டாத மனிதன் அந்த வார்த்தைக்கு உட்கார்ந்திருக்க மாட்டான் என்று நான் நினைக்கிறேன். பயத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று ஐயா கேட்டார். பயமும் இருந்தது. எனக்கும் இருந்தது. இரண்டில் எது அவரை உட்கார வைத்தது என்று அவர் நெஞ்சுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது.

அதன் பிறகு தலைக்கு மேல் சத்தம் நிற்கும் வரை வெளியே வரவில்லை. வந்து பார்த்தபோது எங்கள் சமையலறைக்குக் கூரை இல்லை, பட்டறையின் தகரம் மரத்தைச் சுற்றித் துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது. யாருடையது என்று தெரியாத ஒரு கட்டில் மெத்தையோடு எங்கள் புல் நிலத்தில் நின்றது. ஏதோ பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வரப்பில் சாய்ந்திருந்தது, அதில் பாதிக் கணக்கு அழியாமல் இருந்தது. விசிலக்கா வீட்டு கேட் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. தொழுவத்தின் முன்சுவர் விழுந்து, அதற்கு அடியில் அக்கா கிடந்தார். என் கணவரும் நானும்தான் கற்களை எடுத்தோம். உயிர் இல்லை. அவருடைய மாடுகள் ஒன்று குறையாமல் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தன. பின்கதவு திறக்கப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தபால்காரருக்கும் இல்லை.

கேட்டுக் கம்பம் பிறகு வாய்க்காலில் கிடைத்தது, அதில் சாக்கு இல்லை. "கட்டாமலே விட்டுவிட்டான், மாடு உள்ளே இருக்கிறது என்று நம்பி என் மனைவி போய்ச் செத்தாள், பகையை வைத்துச் செய்தான்" என்பது தபால்காரர் புகார். கட்டிய சாக்கைக் காற்று கொண்டுபோனது என்பது என் கணவர் சொல்வது. வீட்டுக் கூரையைக் கொண்டுபோகிற காற்றுக்கு ஒரு சாக்கு பெரிதல்ல. ஆனால் அது அக்கா வருவதற்கு முன்பே போனதா, பிறகு போனதா, அல்லது சாக்கு கம்பத்துக்கே போகவில்லையா என்று சொல்ல இன்று யாரும் இல்லை.

தபால்காரர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பேன். அவருக்குப் பால் கறக்கத் தெரியாது, அக்கா கற்றுக்கொள்ள விட்டதில்லை. மடி கட்டிக்கொண்டால் மாடு வீணாய்ப் போகும் என்பதால் அன்று மாலையிலிருந்து நான்தான் அவர்கள் மாட்டையும் கறக்கிறேன். நான் உள்ளே போனால் அவர் ரோட்டுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நான் பாலை வைத்துவிட்டு வந்த பிறகு வீட்டுக்குள் போவார். எனக்கு விசில் அடிக்க வராது, வாளியைத் தட்டித்தான் மாடுகளைக் கூப்பிடுகிறேன், அவை ஒன்றும் வருவதில்லை. முதல் நாள் கறவையில் நானும் மாடுகளும் மட்டும் இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. பேச்சை நிறுத்துவதற்கு முன் அக்காவிடம் நான் பேசிய கடைசி வார்த்தை எது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

இங்கே வருவதற்கு முன் என் கொழுந்தனார் என்னிடம் வந்து, "அண்ணி, சாக்கைக் கட்டினதைப் பாத்தேன்னு ஒரே வார்த்தை. அண்ணன் நாளைக்கே வீட்டுல இருப்பாரு. யாருக்கு நஷ்டம்?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல, அண்ணன் மேல் பாசம். அதன் பிறகு நேற்று என் கணவரைப் பார்க்க அனுமதித்தபோது அவரும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ பாத்தியா?" என்றார். பார்த்ததாகச் சொல் என்று கேட்கிறாரா, இல்லை இத்தனை பேர் கேட்டுக் கேட்டு அவருக்கே சந்தேகம் வந்து என்னிடம் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய பிறகும் அந்த ஒரு கேள்வி பிடிபடவில்லை. "நான் மாமியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்ங்க, பாக்கல" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, செவலைப் பசு சினைக்கு வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

ஐயா மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னேன். சாக்கோடு போனதைப் பார்த்தேன். சாக்கு இல்லாமல் வந்ததைப் பார்த்தேன். கட்டியதைப் பார்க்கவில்லை. கட்டியிருப்பார் என்று நம்புகிறேன், வேறு எதையும் நம்பி என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. இப்படிச் சொன்னால் அவருக்குப் பாதகம் ஆகலாம் என்று ஐயா பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு அது உறைக்காமல் இல்லை. நேற்று முழுக்க அதை வைத்துத்தான் மல்லுக்கட்டினேன். ஆனால் எங்கள் பக்கம் காற்று அடுத்த வருடமும் வரும். அன்றைக்கு யாரோ ஒருவர் பாதி வழி ஓடிவந்து ஒரு கம்பத்தில் சாக்கைப் பார்த்துவிட்டு, அதை நம்பி உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பேசாத வீடுகளுக்கு நடுவிலும் நாங்கள் பொய் சொல்லாத விஷயம் இது ஒன்றுதான். என் புருஷனை வெளியே கொண்டுவருவதற்காக அதில் நான் முதல் பொய்யைச் சொன்னால், பிறகு எந்தக் கம்பத்தில் எந்தச் சாக்கு தொங்கினாலும் ஜனங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு முந்தைய பகுதியில் "கட்டியதைப் பார்த்தேன்" என்று வாசித்தார். நான் நிறுத்தச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நிஜமாவே மாத்தணுமாம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மாற்றச் சொன்னேன். அந்த வார்த்தையை அடித்து, மேலே "பார்க்கவில்லை" என்று எழுதி, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் போட்டேன்.

இதில் உள்ளது முழுக்க என் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மறுபடி வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. அடித்தல் ஒன்று, திருத்தம் ஒன்று. இரண்டும் நான் செய்யச் சொன்னவை.

(கையொப்பம்)